ஐட்டு வேறு, ஐற்று வேறு: திருகோணமலை விஞ்ஞான ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

திருகோணமலை, மூதூர், கிண்ணியா, கந்தளாய்ப் பக்கங்களில் தரம் 10, 11 வகுப்புகளுக்குத் தமிழில் விஞ்ஞானம் கற்பிப்போருக்கும், உயர்தரத்தில் இரசாயனவியல் எடுப்போருக்கும், தவணைப் பரீட்சை வினாத்தாள் அமைக்கும் ஆசிரிய ஆலோசகர்களுக்கும் வணக்கம்.

சேர்வைகளுக்குப் பெயரிடும் பாடத்தைப் பற்றி மட்டுமே இந்த மடலில் பேசப் போகிறோம். வலுவளவு அட்டவணையைப் பலகையில் எழுதி, எண்களைக் குறுக்கே மாற்றிப் போடும் முறையைக் காட்டி, பத்துப் பயிற்சி கொடுத்து இரண்டு மூன்று பாடவேளைகளில் முடித்துவிடும் பாடம் இது. ஆனால் இது சரியாக ஊன்றாத பிள்ளை அதன்பின் எந்தச் சமன்பாட்டையும் சரியாக எழுதாது. மூல் கணக்கில் மூலர்த் திணிவு பிழைக்கும், பிழை எங்கே தொடங்கியது என்றும் பிள்ளைக்குத் தெரியாது. சூத்திரங்களை இங்கே சொற்களாலேயே எழுதுகிறோம். உரோம எண் வரும் இடங்களையும் வகுப்பில் வாயால் சொல்வதுபோல இரும்பு(மூன்று) என்றே எழுதியிருக்கிறோம்.

முதலில் எழுத்து விடயம். தமிழ் மொழிமூலப் பிள்ளைகளுக்கென்றே உரிய சிக்கல் இதில்தான் இருக்கிறது.

நம் பாடநூல் மரபில் அன்னயன்களின், அதாவது மறையேற்றமுள்ள அயன்களின், பெயர் முடிவுகள் மூன்று. சல்பைட்டு என்றால் கந்தகம் மட்டும், ஒட்சிசன் இல்லை. சல்பைற்று என்றால் கந்தகத்தோடு மூன்று ஒட்சிசன். சல்பேற்று என்றால் நான்கு ஒட்சிசன். மூன்றுக்கும் ஏற்றம், அதாவது மின்னேற்றம், மறை இரண்டுதான். முதல் இரண்டு பெயர்களுக்கும் இடையில் வேறுபாடு ஒரே ஓர் இடத்தில்: டகரம், றகரம். பேச்சில் காற்று காத்தாகிவிட்டாலும், வாசிக்கும்போது காட்டையும் காற்றையும் நாம் குழப்புவதில்லை. ஆட்டுப்பாலையும் ஆற்றுமணலையும் குழப்புவதில்லை. அந்தக் காது பிள்ளைகளுக்கு ஏற்கெனவே இருக்கிறது. நாம்தான் அதைப் பயன்படுத்தாமல், வகுப்பில் மூன்றையும் அரை ஆங்கிலத்தில் 'சல்பைட்', 'சல்பைட்', 'சல்பேட்' என்று சொல்லிவிட்டுப் போகிறோம். நடுவிலுள்ளதற்கும் முதலாவதற்கும் இருந்த ஒரே வேறுபாடு அங்கே அழிந்துபோகிறது.

இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. பிள்ளைகள் இப்போது தமிழ்நாட்டுக் காணொளிகளைப் பார்த்துப் படிக்கிறார்கள். படிக்கட்டும், நல்ல விளக்கங்கள் அங்கே உண்டு. ஆனால் அங்கத்தைய மரபில் நம் சல்பைட்டு 'சல்பைடு' ஆகிறது, நம் சல்பைற்று 'சல்பைட்டு' ஆகிறது. அதாவது சல்பைட்டு என்ற ஒரே எழுத்துக்கூட்டல் கடலுக்கு இந்தப் பக்கம் ஒட்சிசன் இல்லாததைக் குறிக்கிறது, அந்தப் பக்கம் ஒட்சிசன் உள்ளதைக் குறிக்கிறது. தனிமம், மூலகம், சேர்மம், சேர்வை, துத்தநாகம், நாகம் போன்ற சோடிகளைப் பிள்ளை தானாகவே பொருத்திக்கொள்ளும், சொற்கள் வேறாக இருப்பதால். இது அப்படியல்ல. சொல் ஒன்று, பொருள் இரண்டு. இதை முதல் நாளே பலகையில் இரண்டு நிரலாக எழுதிக் காட்டுங்கள் என்று கேட்கிறோம். ஐந்து நிமிடம் போதும்.

ஓர் எழுத்துக்கு இவ்வளவு பேச்சா என்று தோன்றினால் ஆய்வுகூட அலுமாரியைத் திறந்து பாருங்கள். சோடியம் சல்பேற்றில் ஐதான ஐதரோகுளோரிக்கமிலம் விட்டால் எதுவும் நடக்காது. சோடியம் சல்பைற்றில் விட்டால் கந்தகவீரொட்சைட்டு வெளிவரும். தொண்டையைப் பிடிக்கும், ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கு ஆபத்து. சோடியம் சல்பைட்டில் விட்டால் வருவது ஐதரசன் சல்பைட்டு. கூழ்முட்டை நாற்றத்தோடு தொடங்கும், செறிவு கூடினால் மூக்கு அந்த நாற்றத்தையே உணராமல் போய்விடும், ஆகவே நாற்றம் நின்றுவிட்டது என்று அங்கே நிற்கவும் கூடாது. இதே போலத்தான் பொற்றாசியம் குளோரைட்டும் பொற்றாசியம் குளோரேற்றும். முன்னது வயலுக்குப் போடும் பசளை. பின்னது தீக்குச்சி மருந்தில் சேரும் வலிய ஒட்சியேற்றி. கந்தகத்தோடு சேர்த்து உரலில் இடித்தால் வெடிக்கும். கடையில் வாங்கும் அயடீன் உப்புப் பைக்கற்றில் இருப்பதும் அயடைட்டு அல்ல, பொற்றாசியம் அயடேற்று. ஈரக்காற்றுப் படும் நாட்டில் அயடைட்டு மெல்ல ஒட்சியேறி அயடீனாகப் பறந்துவிடும். அயடேற்று தாங்கி நிற்கும். ஒவ்வொன்றும் ஒரு முடிவெழுத்தில் தங்கியிருக்கிற விடயம்.

ஏற்று என்றால் எத்தனை ஒட்சிசன் என்று பிள்ளைகள் கேட்பார்கள். நிலையான எண் இல்லை என்று நேராகச் சொல்லிவிட வேண்டும். காபனேற்றிலும் நைத்திரேற்றிலும் மூன்று, சல்பேற்றிலும் பொசுபேற்றிலும் நான்கு. நிலையானது ஒன்றுதான்: ஒரே மூலகத்தில் ஏற்றைவிட ஐற்றில் ஓர் ஒட்சிசன் குறைவு, ஏற்றம் மாறாது. ஏற்றுகளை மனனம் செய்தால் ஐற்றுகள் இலவசமாகக் கிடைக்கும். உயர்தரத்தில் குளோரீன் குடும்பத்தை எடுக்கும்போது அதே ஏணி இருபக்கமும் நீள்கிறது: ஐப்போகுளோரைற்று ஒன்று, குளோரைற்று இரண்டு, குளோரேற்று மூன்று, பரகுளோரேற்று நான்கு.

அடுத்து, குறுக்கே மாற்றுவதற்கு முன் கேட்கவேண்டிய கேள்வி. முன்னால் நிற்பது உலோகமா, அல்லது அமோனியமா? ஆம் என்றால் அயன் சேர்வை. பெயரில் எண் சொல்லக்கூடாது. இல்லை, இரண்டும் அல்லுலோகம் என்றால் மூலக்கூற்றுச் சேர்வை. பெயரில் எண் சொல்லியே ஆக வேண்டும். விடைத்தாள்களில் வரும் பிழைகளில் பெரும் பங்கு இந்தக் கேள்வியைக் கேளாமல் விடுவதால் வருவது. நிலாவெளிப் பக்கத்து உப்பளத்தில் உப்பு எடுத்தபின் எஞ்சும் கசப்புநீரில் உள்ளதை 'மகனீசியம் இருகுளோரைட்டு' என்று எழுதுகிறார்கள். மகனீசியத்தின் ஏற்றம் நேர் இரண்டு, வேறு இல்லை. குளோரைட்டு மறை ஒன்று. ஆகவே இரண்டு குளோரைட்டு என்பது கட்டாயம், சொல்லத் தேவையில்லை. மகனீசியம் குளோரைட்டு, அவ்வளவுதான். மாறாகக் காபனும் ஒட்சிசனும் ஒன்றுக்கொன்றாகவும் சேரும், ஒன்றுக்கு இரண்டாகவும் சேரும். 'காபன் ஒட்சைட்டு' என்றால் மூச்சைக் கொல்வதா, சோடாவில் குமிழிவிடுவதா என்று எப்படித் தெரியும்? விதியைச் சொல்லும்போது இந்தக் காரணத்தையும் சேர்த்துச் சொன்னால் விதி மறக்காது: ஏற்றம் கணக்கை முடித்துவைக்கும் இடத்தில் எண் வேண்டாம், முடித்துவைக்காத இடத்தில் எண் வேண்டும்.

எண் சொல்லும் இடத்தில் தமிழ் நமக்குப் பெரிய உதவி செய்கிறது. அதை நாம் பயன்படுத்துவதே இல்லை. மூலக்கூற்றுச் சேர்வையின் பெயர் தமிழ்ப் பாடத்தில் படித்த புணர்ச்சிதான். உயிரெழுத்துக்கு முன் ஓர், ஈர். மெய்யோடு தொடங்கும் சொல்லுக்கு முன் ஒரு, இரு. காபன், ஓர், ஒட்சைட்டு சேர்ந்து காபனோரொட்சைட்டு. காபன், ஈர், ஒட்சைட்டு சேர்ந்து காபனீரொட்சைட்டு. மூவேந்தர் போல மூவொட்சைட்டு, முக்கனி போல முக்குளோரைட்டு. நாற்காலி போல நாற்குளோரைட்டு, ஐங்கரன் போல ஐங்குளோரைட்டு, அறுசுவை போல அறுபுளோரைட்டு. தமிழாசிரியரோடு ஒரு பாடவேளையைப் பகிர்ந்து இதை நடத்தினால் இரண்டு பாடமும் பயன்பெறும் என்று உறுதியாக நம்புகிறோம்.

ஆனால் சேர்த்தெழுதுவதில் ஒரு விலை உண்டு. காபனீரொட்சைட்டு என்று ஒரே மூச்சில் வாசிக்கும் பிள்ளைக்கு 'காபனீர்' என்று ஏதோ ஒன்று இருப்பதுபோலக் கேட்கும். அதில் நீர் கலந்திருப்பதாக நினைப்போரும் உண்டு. ஆகவே புதிதாக வரும் ஒவ்வொரு பெயரையும் முதல்முறை பிரித்துக் காட்டுங்கள்: காபன், ஈர், ஒட்சைட்டு. அதன்பின் சேர்த்து எழுதவிடுங்கள். முதல் மூலகத்தில் ஒன்று மட்டும் இருந்தால் அதற்கு எண் சொல்வதில்லை. இரண்டு இருந்தால் சொல்ல வேண்டும்: இருநைதரசன் நாலொட்சைட்டு. இங்கே இரண்டையும் நான்கையும் சுருக்கி ஒன்றுக்கு இரண்டாக்கினால் நைதரசனீரொட்சைட்டு என்ற வேறொரு பொருளாகிவிடும். முன்னது நிறமற்றது, பின்னது செங்கபிலம். அயன் சேர்வையில் சுருக்குவது கடமை, மூலக்கூறில் சுருக்குவது பிழை.

இனி உரோம எண். இரும்பு, செம்பு, ஈயம், மங்கனீசு போன்றவற்றுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட ஏற்றம் உண்டு. முன்பு பெரசு, பெரிக்கு, கியூப்பிரசு, கியூப்பிரிக்கு என்றோம். அந்த முறையின் குறை, சொல்லில் எண் இல்லை என்பது. பெரசு என்றால் இரண்டு, கியூப்பிரசு என்றால் ஒன்று. ஒன்றைத் தெரிந்து மற்றதை ஊகிக்க வழியில்லை. 1919 இல் அல்பிரட் இசுற்றொக் என்ற செருமனிய இரசாயனவியலாளர் எண்ணையே பெயருக்குள் வைக்கலாம் என்று முன்மொழிந்தார். அதைத்தான் இன்று அடைப்புக்குறிக்குள் எழுதுகிறோம்.

இதில் வரும் பிழை எப்போதும் ஒரே அச்சு. இரும்பு இரண்டு, ஒட்சிசன் மூன்று உள்ள துருச் சிவப்பைக் கொடுத்துப் பெயர் கேட்டால் 'இரும்பு(இரண்டு) ஒட்சைட்டு' என்று வரும். இரும்பின் கீழே நிற்கும் சிறிய இரண்டைத் தூக்கி அடைப்புக்குறிக்குள் வைத்துவிடுகிறார்கள். செம்பு இரண்டு, ஒட்சிசன் ஒன்று உள்ளதற்கும் அதேபோல 'செம்பு(இரண்டு)'. செம்பு ஒன்று, ஒட்சிசன் ஒன்று உள்ள கறுப்பு ஒட்சைட்டுக்கு 'செம்பு(ஒன்று)'. கீழெண் சொல்வது எத்தனை அணு என்பதை. உரோம எண் சொல்வது ஓர் அணுவின் ஏற்றம் என்ன என்பதை. கணக்கை எப்போதும் வலப்பக்கத்திலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். ஒட்சிசன் மூன்று, ஒவ்வொன்றும் மறை இரண்டு, மொத்தம் மறை ஆறு. அப்படியானால் இரும்புப் பக்கம் நேர் ஆறு. இரும்பு இரண்டு, ஆகவே தலைக்கு மூன்று. இரும்பு(மூன்று) ஒட்சைட்டு. இதைப் பலகையில் எழுதுவதைவிடப் பிள்ளை வாய்விட்டுச் சொல்வது பலன் தரும்.

இதற்கு நம் மாவட்டத்தின் மண்ணே பயிற்சி தருகிறது. புல்மோட்டைக் கரையின் கறுப்பு மணலில் இருக்கும் இல்மனைற்றில் இரும்பு ஒன்று, தைத்தேனியம் ஒன்று, ஒட்சிசன் மூன்று. இரும்பின் ஏற்றம் நேர் இரண்டு என்று தந்துவிட்டுத் தைத்தேனியத்தின் ஏற்றத்தைக் கேளுங்கள். மறை ஆறுக்கு எதிராக இரண்டு போக நான்கு. அதே மணலில் வரும் உரூத்தைல் தைத்தேனியம் ஒன்றும் ஒட்சிசன் இரண்டும், அங்கும் நான்கு. சிர்க்கோனில் சிர்க்கோனியம் ஒன்று, சிலிக்கேற்று ஒன்று. அந்தச் சிலிக்கேற்றின் ஏற்றம் மறை நான்கு, ஆகவே சிர்க்கோனியமும் நான்கு. ஆனால் ஓர் எச்சரிக்கை. இல்மனைற்று, கல்சைற்று, டொலமைற்று ஆகியவற்றின் ஐற்று கனியங்களுக்கு வழங்கும் முடிவு. அதற்கும் சல்பைற்றின் ஐற்றுக்கும் தொடர்பே இல்லை. கல்சைற்று என்பது கல்சியம் காபனேற்று. செப்பு சல்பேற்று ஐந்நீரேற்று என்பதில் கடைசியில் வரும் ஏற்றும் அன்னயன் அல்ல. கேட்க முன்னரே சொல்லிவிடுவது நல்லது.

பல்லணு அயன்களும் அடைப்புக்குறியும் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை, ஒரு சாதனத்தை மட்டும் சொல்கிறோம். பழைய நாட்காட்டி மட்டையை 4 சென்ரிமீற்றர் உயரமுள்ள துண்டுகளாக வெட்டுங்கள். ஏற்றம் ஒன்று உள்ள அயனுக்கு அகலம் 3 சென்ரிமீற்றர், இரண்டுக்கு 6, மூன்றுக்கு 9. நேரேற்றமுள்ள கற்றயன்கள் ஒரு நிறம், அன்னயன்கள் இன்னொரு நிறம். ஒரு குழுவுக்கு 3, 6 சென்ரிமீற்றர் அயன் ஒவ்வொன்றிலும் மூன்று அட்டை, 9 சென்ரிமீற்றர் அயனில் இரண்டு அட்டை போதும். மேல் வரிசையில் கற்றயன், கீழ் வரிசையில் அன்னயன். இரண்டு வரிசையும் ஒரே நீளமாகும் வரை அடுக்க வேண்டும். அலுமினியமும் ஒட்சைட்டும் 18 சென்ரிமீற்றரில் சமமாகும்: மேலே இரண்டு, கீழே மூன்று. மகனீசியமும் ஒட்சைட்டும் முதல் அட்டையிலேயே சமம், ஆகவே குறுக்கே மாற்றும் முறை உண்டாக்கும் 'இரண்டுக்கு இரண்டு' என்ற பிழை பிறக்கவே பிறக்காது. சல்பேற்று ஒரே அட்டை, அதை வெட்ட முடியாது. மூன்று சல்பேற்று அட்டை கிடக்கும்போது அடைப்புக்குறி ஏன் வேண்டும் என்று கண்ணுக்கே தெரியும். அலுமினியம் சல்பேற்றில் மொத்தம் எத்தனை அணு என்று அட்டைகளைப் பார்த்து எண்ணச் சொல்லுங்கள். 17 வர வேண்டும். 7 என்று வந்தால் அடைப்புக்குறிக்கு வெளியே நிற்கும் மூன்றை விட்டுவிட்டார்கள் என்று அர்த்தம்.

ஒரே அணுக்கள், வேறு பொருள் என்ற இடமும் இங்கே வரும். கந்தகம் ஒன்று, ஒட்சிசன் மூன்று, ஏற்றமில்லை என்றால் கந்தக மூவொட்சைட்டு. அதே அணுக்களோடு மறை இரண்டு சேர்ந்தால் சல்பைற்று. நைதரசனீரொட்சைட்டும் நைத்திரைற்றும் அப்படியே. ஏற்றத்தை எழுத மறப்பதைச் சிறு கவனக்குறைவாகக் கருதிப் புள்ளி கொடுக்கும் வழக்கம் நல்லதல்ல. அது வேறொரு பொருளின் சூத்திரம்.

விதிக்கு அடங்காதவற்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஐதரசன் பரவொட்சைட்டுப் பரிசோதனையில் போடும் கறுப்புத்தூளைப் பாடநூலே மங்கனீசீரொட்சைட்டு என்கிறது. உலோகத்தோடு எண் சொல்லக்கூடாது என்று நேற்றுச் சொன்ன ஆசிரியரைப் பிள்ளை நம்பாமல் போகும் இடம் இது. அது பழகிப்போன பெயர், முறைப்படி மங்கனீசு(நான்கு) ஒட்சைட்டு என்று அன்றே சொல்லிவிடுங்கள். அமோனியாவையும் அமோனியத்தையும் பிரித்துக் காட்டுங்கள். முன்னது வாயு, பின்னது கற்றயன். அமோனியம் நைத்திரேற்றில் ஓர் உலோக அணுவும் இல்லை, ஆயினும் அது அயன் சேர்வை. பேரியம் பரவொட்சைட்டைப் பார்த்துப் 'பேரியம்(நான்கு)' என்று எழுதுவோருக்குப் பரவொட்சைட்டு இரண்டு ஒட்சிசன் சேர்ந்த ஒரே அயன், மொத்த ஏற்றம் மறை இரண்டு என்று காட்ட வேண்டும். அமிலங்களில் ஏற்று இக்காகும், ஐற்று அசாகும்: நைத்திரேற்றிலிருந்து நைத்திரிக்கமிலம், நைத்திரைற்றிலிருந்து நைத்திரசமிலம்.

கந்தளாய், தம்பலகாமம் பக்கத்துப் பிள்ளைகள் வீட்டில் பார்க்கும் பசளைப் பையையும் வகுப்புக்குக் கொண்டுவரலாம். எம்.ஓ.பி. என்பதன் பழம்பெயர் பொற்றாசு மியூரியேற்று. மியூரியேற்று என்பது குளோரைட்டுக்கு இருந்த பழைய பெயர், ஒட்சிசன் ஏதுமில்லை. பையில் 60 வீதம் என்று போட்டிருப்பது பொற்றாசியம் ஒட்சைட்டாகக் கணக்கிட்ட அளவு, பைக்குள் அந்த ஒட்சைட்டு ஒரு துளியும் இல்லை. இது பரீட்சைக்கு வராது. ஆனாலும் பெயர் வேறு, உள்ளிருப்பது வேறு என்று பார்க்கப் பழகிய பிள்ளை பெயரைக் கவனமாக வாசிக்கும்.

வினாத்தாள் அமைப்போரிடம் இரண்டு வேண்டுகோள். பெயரிலிருந்து சூத்திரம் மட்டும் கேட்காதீர்கள். சூத்திரத்திலிருந்து பெயரும் கேளுங்கள். உரோம எண் பிழை அந்தத் திசையில்தான் வெளிப்படும். ஒன்றோடொன்று தொடர்பில்லாத பத்துச் சேர்வைகளுக்குப் பதிலாக நெருங்கிய மூன்றைச் சேர்த்துக் கேளுங்கள்: மகனீசியம் நைத்திரைட்டு, மகனீசியம் நைத்திரைற்று, மகனீசியம் நைத்திரேற்று. சரியாக எழுதினால் சூத்திர அலகு ஒன்றிலுள்ள அணுக்கள் முறையே 5, 7, 9. முடிவெழுத்தையும் ஏற்றத்தையும் அடைப்புக்குறியையும் ஒரே வினா சோதித்துவிடும். புள்ளி இடும்போது எழுத்துப் பிழையையும் பொருட் பிழையையும் பிரித்துப் பாருங்கள். 'மக்னீசியம்' என்று எழுதினால் எழுத்துப் பிழை, புள்ளியைக் குறைக்க வேண்டாம். நைத்திரைற்று என்று எழுதவேண்டிய இடத்தில் நைத்திரைட்டு என்று எழுதினால் அது பொருட் பிழை, புள்ளி கொடுக்க வேண்டாம். இந்தப் பிரிப்பு புள்ளித்திட்டத்திலேயே எழுதப்பட்டிருந்தால் பாடசாலைக்குப் பாடசாலை வேறுபடாது.

ஆய்வுகூடத்துக்குப் பொறுப்பானவர்களிடம் ஒன்று. போத்தல்களின் சுட்டுத்துண்டில் தமிழ்ப் பெயர், ஆங்கிலப் பெயர், சூத்திரம் மூன்றும் இருக்கட்டும்; பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்தில் படிக்கப் போகும் பிள்ளைக்கும் அது உதவும். பளிங்கு நீர் உள்ளதா என்பதைக் கட்டாயம் எழுதுங்கள். நீலநிறச் செப்பு சல்பேற்று ஐந்நீரேற்றின் மூலர்த் திணிவு 249.5 கிராம், வெள்ளைநிற நீரற்றதன் மூலர்த் திணிவு 159.5 கிராம். இலீற்றருக்கு 0.1 மூல் கரைசல் செய்ய நீலப் பளிங்கில் 24.95 கிராம் நிறுக்க வேண்டும். போத்தலில் வெறுமனே 'செப்பு சல்பேற்று' என்று மட்டும் இருந்து, பிள்ளை 15.95 கிராம் நீலப் பளிங்கை நிறுத்தால், கரைசலின் செறிவு 0.064 ஆகத்தான் இருக்கும். கணக்கும் சரி, தராசும் சரி, கையும் சரி. சுட்டுத்துண்டில் 'ஐந்நீரேற்று' என்ற ஒரு சொல் இல்லை.

அன்புடன்,
இரசாயனவியல் கற்பிப்போர் சிலர்,
திருகோணமலை.